கிட்டார் பெடல் செய்கிறவர்கள் ஆர்ட்டிஸ்ட்டோடு எண்டார்ஸ்மென்ட் போடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் நானும் இன்னும் இரண்டு பேரும் கிட்டார் எஃபெக்ட் பெடல், அதாவது காலால் மிதித்து கிட்டார் ஒலியை மாற்றுகிற பெட்டி, செய்கிறோம். மாதம் இருபது, நல்ல மாதமென்றால் இருபத்தைந்து. குன்னூரில் கேபிள் செய்கிறவர், கொடைக்கானலில் கிட்டாரே செய்கிறவர், தோல் ஸ்ட்ராப் தைக்கிறவர் என்று மலைமேல் இந்தத் தொழிலில் இருக்கிற சிலரைத் தெரியும். எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். பெயர் தெரிந்த கிட்டாரிஸ்ட் ஒருவர் நம் பொருளோடு ஒரு போட்டோ போட்டால் ஆர்டர் கொட்டும் என்று நம்பி, முதல் வேலையாகப் பொருளை இலவசமாக அனுப்பிவிடுகிறார்கள். எண்டார்ஸ்மென்ட் என்றால் வாசிக்கிறவர் ஒருவர் நம் பொருளை உபயோகித்து, அதை வெளியே சொல்ல ஒப்புக்கொள்வது. இலவசமாகக் கொடுப்பது இந்த வேலையில் கடைசிப் பக்கம் வரவேண்டிய படி. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை வரிசையாக எழுதுகிறேன். பெடல் என்று எழுதுகிற இடத்தில் கேபிள், ஸ்ட்ராப், பிக்கப் என்று உங்கள் பொருளைப் போட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

1. பெடல் தாங்குமா?

காசு கொடுத்து வாங்கினவர் வீட்டில் பெடல் கெட்டால் உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும், சரிசெய்து அனுப்புவீர்கள், முடிந்தது. மேடையில் கெட்டால் பக்கத்தில் நிற்கிற பாஸிஸ்ட், கீபோர்டுக்காரர், சவுண்ட் இன்ஜினியர் எல்லோரும் பார்க்கிறார்கள், அவர்கள் அடுத்த வாரம் வேறு வேறு குழுக்களோடு வேறு வேறு ஊரில் இருப்பார்கள். ஆகவே புது மாடலை ஆர்ட்டிஸ்ட்டுக்குக் கொடுக்கவே கூடாது. குறைந்தது பத்துப் பதினைந்து பேர் வாங்கி ஆறு மாதம் மிதித்த மாடலை மட்டும் கொடுங்கள். முதலில் போவது ஃபுட்ஸ்விட்ச், அடுத்து ஜாக், அப்புறம் அடாப்டர் சாக்கெட். இந்த மூன்றிலும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள்.

மலையில் இருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்ட ஃபஸ் பெடல் (ஒலியைக் கரகரப்பாக்குவது) ஒன்றை டிசம்பரில் என் மேஜையில் வைத்து பயாஸ், அதாவது டிரான்சிஸ்டர் வேலை செய்கிற வோல்டேஜ், சரிசெய்தேன். அன்றைக்கு அறையில் பன்னிரண்டு டிகிரி இருந்திருக்கும். அது மே மாதம் மதுரையில் ஒரு திறந்தவெளி மேடைக்குப் போனது, மூன்றாவது பாட்டில் நோட் பாதியிலேயே அறுந்து அறுந்து வர ஆரம்பித்தது. ஜெர்மானியத்தில் வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கசிவு மின்னோட்டம் ஏறக்குறைய இரட்டிப்பாகும், இருபது இருபத்தைந்து டிகிரி ஏறினால் என்னவாகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். தப்பு முழுக்க என்னுடையது. இப்போது ஜெர்மானியம் பெடல்களில் பயாஸ் குமிழை வெளியே வைத்துவிடுகிறேன், ஆர்ட்டிஸ்ட்டுக்குப் போவது சிலிக்கான் மாடல்தான். எந்தப் பெடலாக இருந்தாலும் அனுப்புவதற்கு முன் கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ இருக்கிற நண்பர் வீட்டு மாடியில் ஒரு மத்தியானம் ஓட்டிப் பாருங்கள்.

ஈரமும் உண்டு. மழைக்காலத்தில் அசெம்பிள் செய்த பெடலை அப்படியே பெட்டிக்குள் வைத்து மூடினால் ஈரமும் சேர்ந்து போகிறது. ஒரு ராத்திரி பல்பு போட்ட அலமாரியில் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள்.

2. ஆளைத் தேடுவதற்கு முன்னால் கணக்கு

இதைச் செய்யாமல் யாரிடமும் பேசாதீர்கள். உங்கள் பெடல் விலை 8,000, பாகமும் கூலியும் 3,500 என்று வைத்துக்கொள்வோம். ஒன்று விற்றால் 4,500 மிச்சம். ஒரு ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஒரு பெடல் கொடுத்தால் செலவு 3,500 என்றுதான் எல்லோரும் போடுகிறார்கள். வாரம் மூன்று மேடை ஏறுகிறவருக்கு ஒரு பெடல் போதாது, உபரி ஒன்று வேண்டும். அது 7,000 ஆயிற்று. கொரியர் போக வர, வருடத்தில் ஒருமுறை ரிப்பேர் என்று இன்னொரு 1,500. ஆக 8,500. அவரால் மட்டும் இரண்டு பெடல் கூடுதலாக விற்றால்தான் போட்டது திரும்பும். இரண்டு விற்பது கஷ்டமில்லை, ஆனால் "அவரால் விற்றது" என்று எப்படித் தெரியும்? ஆர்டர் எடுக்கும்போது "எங்களை எப்படித் தெரியும்?" என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே மூன்று வருடம் எண்டார்ஸ்மென்ட் கொடுத்துக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியும்.

கணக்கோடு கையில் இருக்க வேண்டியவை: சீரியல் நம்பர் போட்ட ரிஜிஸ்டர், எழுத்தில் ஒரு விலைப்பட்டியல், ஒரு பக்க விவரத்தாள், ராத்திரி எடுக்கப்படும் ஒரு போன் நம்பர், அப்புறம் முக்கியமாக ஸ்டாக். வீடியோ வெளிவந்த வாரத்தில் பத்துப் பேர் கேட்டு, "ஆறு வாரம் ஆகும்" என்று சொன்னால் அதில் எட்டுப் பேர் போய்விடுவார்கள். பத்துப் பெடல் தயாராக இல்லாத மாதத்தில் வீடியோவைத் தள்ளிப்போடுங்கள்.

மாதம் இருபது செய்கிற பட்டறைக்கு மூன்று ஆர்ட்டிஸ்ட் போதும் என்பது என் கணக்கு. நாலாவது ஆளுக்குப் போன் எடுக்க நேரமிருக்காது.

3. யாரைக் கேட்பது

புதிதாக வருகிறவர்கள் காட்டுகிற பட்டியலில் முதல் இரண்டு பெயர் எப்போதும் பிரசன்னா, கேபா ஜெரமையா. ஒருவர் கர்நாடக சங்கீதத்தையே கிட்டாரில் வாசிக்கிறவர், மற்றவர் வாசித்த சினிமாப் பாட்டு நம் எல்லோர் காதிலும் இருக்கிறது, ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் அந்த உயரத்தில் இருக்கிறவர்கள் கைக்கு உலகத்தில் எந்தப் பெடலும் கிடைக்கும். உங்கள் பெடல் அங்கே ஐம்பதோடு ஐம்பத்தொன்று.

தமிழ்நாட்டில் வாரம் தவறாமல் கிட்டார் வாசிக்கிறவர்கள் யார் என்று பாருங்கள். சர்ச் வொர்ஷிப் குழுக்காரர்கள், லைட் மியூசிக் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள், ரிசார்ட்டில் வாசிக்கிறவர்கள், பள்ளியிலும் தனியாகவும் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவர்கள், இங்கே நம் பக்கம் என்றால் படுகப் பாட்டு ரெக்கார்டிங்குக்கு வாசிக்கிறவர்கள். சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் ஒருவருக்கு முப்பது மாணவர் இருந்தால், அந்த முப்பது பேரும் அவர் காலடியில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். லட்சம் ஃபாலோயர் வைத்திருக்கிற ரீல்ஸ்காரரைவிட எனக்கு அந்த மாஸ்டர் அதிகம் விற்றுக் கொடுத்திருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் முதல் இடம்: ஏற்கெனவே காசு கொடுத்து உங்கள் பெடல் வாங்கியவர்கள். ரிஜிஸ்டரைப் புரட்டுங்கள். அதில் மேடையில் வாசிக்கிறவர் ஒருவராவது இருப்பார். பொருள் பிடித்திருக்கிறது என்பது அவர் விஷயத்தில் முடிந்துபோன கேள்வி.

ஒருவரை முடிவு செய்யுமுன் அவர் வாசிப்பதை நேரில் போய்க் கேளுங்கள், கேட்டுவிட்டு அவர் பெடல்போர்டை (பெடல்களை அடுக்கி வைக்கிற பலகை) பாருங்கள். டிலே (எதிரொலி தரும் பெடல்) இரண்டு வைத்திருப்பவருக்கு மூன்றாவது டிலே எதற்கு? அவர் போர்டில் இல்லாதது என்ன, இருந்தும் அவர் திட்டிக்கொண்டிருப்பது எது, அதுதான் உங்கள் வழி.

4. முதல் மெசேஜ்

ஐம்பது பேருக்கு ஒரே மெசேஜை ஒட்டி அனுப்புவது முதல் தப்பு. இரண்டாவது தப்பு, முதல் வரியிலேயே "கொலாப் பண்ணலாமா ப்ரோ" என்று கேட்பது. நான் அனுப்புவது இந்த மாதிரி இருக்கும்:

"வணக்கம் அண்ணா. கோத்தகிரியில் பெடல் செய்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வாசித்ததைக் கேட்டேன், கடைசிப் பாட்டில் டிலே ரிப்பீட் டிரம்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது. எங்கள் டிலேயில் டாப் டெம்போ உண்டு. ஆறு வாரம் இரவலாகத் தருகிறேன், வாசித்துப் பாருங்கள். போஸ்ட் எதுவும் போட வேண்டாம். பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பும் கொரியர் செலவு எங்களுடையது. 9 வோல்ட், சென்டர் நெகட்டிவ், 80 மில்லி ஆம்ப்."

டாப் டெம்போ என்றால் காலால் தட்டி டிலேயின் வேகத்தைப் பாட்டோடு சேர்ப்பது. சென்டர் நெகட்டிவ் என்றால் அடாப்டர் பின்னின் நடுவில் மைனஸ். கடைசி வரி எதற்கு என்றால், அவருடைய பவர் சப்ளையில் இடம் இருக்கிறதா என்று அவர் உடனே பார்க்க வேண்டும். பல சப்ளைகளில் ஒரு அவுட்புட்டுக்கு 100 மில்லி ஆம்ப்தான் இருக்கும். 300 மில்லி ஆம்ப் இழுக்கிற டிஜிட்டல் பெடலைச் சொல்லாமல் அனுப்பினால் ஹம் (இரைச்சல்) வரும், பழி பெடல்மேல் விழும்.

காலம் பார்த்து அனுப்புங்கள். சர்ச்சில் வாசிக்கிறவருக்கு டிசம்பரில் மெசேஜ் அனுப்புவது கல்யாண வீட்டில் சமையல்காரரிடம் இன்ஷூரன்ஸ் விற்பது போல. ஆகஸ்ட், செப்டம்பரில் கொடுத்தால் கிறிஸ்துமஸுக்குள் பழகியிருப்பார். ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்குப் பங்குனி, சித்திரை, ஆடி திருவிழா நாட்களைத் தவிருங்கள்.

பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை கேளுங்கள். அதோடு விடுங்கள்.

5. இரவல், ஆறு வாரம்

ஏன் இரவல்? இலவசமாகக் கொடுத்த பொருளைப் பற்றி யாரும் முகத்துக்கு நேரே குறை சொல்ல மாட்டார்கள். "சூப்பர் தம்பி" என்று சொல்லி அலமாரியில் வைத்துவிடுவார்கள். திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிற நிலையில்தான் "இது வேண்டுமா வேண்டாமா" என்று ஒருவர் நிஜமாக யோசிக்கிறார்.

டெலிவரி சலான் போட்டு அனுப்புங்கள், சீரியல் நம்பர், திருப்ப வேண்டிய தேதி இரண்டும் அதில் இருக்கட்டும். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் கவனிக்க: "பிடித்தால் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிய பொருள் ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் பில் போட்டாக வேண்டும்.

மூன்றாவது வாரம் போன் செய்யுங்கள். "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் வரும். "எந்தப் பாட்டுக்குப் போட்டீர்கள், எந்தக் குமிழைத் தொடவே இல்லை?" என்று கேளுங்கள். ஒருமுறை ஒருவர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "தம்பி, பெடல் நல்லாத்தான் இருக்கு. சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நின்னுபோச்சுன்னா நான் யாருக்குப் போன் பண்றது? நீ மலை மேல இருக்க" என்றார். எனக்கு அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது. பெரிய கம்பெனி பெடல் போய்விட்டால் கடையில் இன்னொன்று கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தால் என் கொரியர் இறங்கவே இறங்காது. அதிலிருந்துதான் உபரி பெடல் ஒன்றை ஆர்ட்டிஸ்ட் கையிலேயே கொடுத்துவைக்கிற வழக்கம் எங்களுக்கு வந்தது. இதை நாங்களாகச் சொல்லும்போது வருகிற மரியாதை டிஸ்கவுண்டில் வருவதில்லை.

ஆறு வாரம் முடிந்து பெடல் திரும்பி வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் வேண்டாம் என்று கேட்டு எழுதிவையுங்கள்.

6. எதைத் தருவது

இதில் நாலு படி இருக்கிறது. முதல் படி ஆர்ட்டிஸ்ட் விலை: குறைத்த விலையில் விற்பது. இரண்டாவது, வருடக்கணக்கில் இரவல். பொருள் உங்களுடையதாகவே இருக்கும். மூன்றாவது இலவசம். நாலாவது அவர் பெயர் போட்ட சிக்னேச்சர் மாடல், விற்கிற ஒவ்வொன்றுக்கும் ராயல்டி.

முதல் வருடம் ஆர்ட்டிஸ்ட் விலையோடு நில்லுங்கள், அதுவும் அடக்க விலைக்குக் கீழே போகாமல். கொஞ்சமாவது காசு கொடுத்து வாங்கியவர்தான் அதை போர்டில் வைத்திருக்கிறார் என்பது நான் பார்த்த வரையில் மாறாத விஷயம். சிக்னேச்சர் மாடல் ஆசை எல்லோருக்கும் உண்டு, இரண்டு வருடம் ஒன்றாக வேலை செய்யாத யாரோடும் போடாதீர்கள். போடுகிறபோது ராயல்டி எந்த விலையில் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். எம்ஆர்பியில் சதவீதம் என்று எழுதிவிட்டு, கடைக்காரருக்கு 30 சதவீதம் விட்டுக் கொடுத்து, கடைசியில் தன் பெடலுக்குத் தானே காசு கொடுத்தவர் கதை ஒன்று இருக்கிறது. வரி, கடைக் கழிவு போக உங்கள் கைக்கு வருகிற தொகையில் இத்தனை சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கு, அவ்வளவுதான்.

7. எழுதிக்கொள்வது

"அண்ணனிடம் போய் எப்படிக் கையெழுத்து கேட்பது" என்கிற கூச்சம்தான் பெரிய தடை. எழுதாமல் விட்டால் ஒரு வருடம் கழித்து அந்த அண்ணனோடுதான் மனஸ்தாபம் வரும். இரண்டு பக்கம் போதும், தமிழிலேயே எழுதலாம். இருக்க வேண்டியது என்ன, ஏன் என்று பார்ப்போம்.

காலம்: ஒரு வருடம். தானாகப் புதுப்பிக்கும் என்று எழுதாதீர்கள்.

பொருள்: சீரியல் நம்பரோடு, யாருக்குச் சொந்தம், விற்கலாமா கூடாதா. இலவசமாகக் கொடுத்த பெடல் நாலாவது மாதம் பழைய பொருள் சந்தைக்கு வந்து நிற்கிற காட்சி எனக்கும் நடந்திருக்கிறது.

அவர் செய்ய வேண்டியது: எண்ணிச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "புரமோட் செய்வார்" என்றால் ஒன்றும் இல்லை. வருடத்துக்கு இரண்டு வீடியோ, மேடையில் போர்டோடு நாலு போட்டோ, மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறை நிறை சொல்ல அரை மணி நேரம். கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது.

வேறு பிராண்டு: "போட்டிக் கம்பெனிப் பொருள் எதையும் தொடக்கூடாது" என்று எழுதுகிறார்கள். நீங்கள் செய்வது ஒரே ஒரு டிலே, அவர் போர்டில் எட்டுப் பெடல். டிலே என்கிற வகைக்கு மட்டும் எழுதுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகும் கூடாது என்று எழுதினால் நிற்காது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு ஒருவர் தொழிலைத் தடுக்கிற ஒப்பந்தத்தைச் செல்லாது என்கிறது.

போட்டோ, வீடியோ: இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். காப்புரிமையை (காப்பிரைட்) மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் 1957-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். வெளிநாட்டுக்கு விற்கிற எண்ணம் இருந்தால் அதையும் எழுதுங்கள். மேடையில் போட்டோ எடுத்தவர் மூன்றாவது ஆள் என்றால் அவரிடமும் தனியாக எழுதி வாங்க வேண்டும், ஆர்ட்டிஸ்ட் அனுமதி அதற்குப் போதாது.

விலகல்: இரு பக்கமும் முப்பது நாள் அறிவிப்பில் விலகலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வயது: ஊட்டி, கொடைக்கானல் பள்ளிகளில் பதினாறு பதினேழு வயதில் பிரமாதமாக வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினெட்டு ஆகாதவர் போடுகிற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. பெற்றோரோடு பேசுங்கள், அவர்களோடு போடுங்கள், பள்ளிச் சீருடையோடு வீடியோ எடுக்காதீர்கள்.

8. வரி

சுருக்கமாகச் சொல்கிறேன், மிச்சத்தை ஆடிட்டரிடம் கேளுங்கள். தொழில்முறையில் ஒருவருக்கு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கிறவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வரி) உண்டு, 2022 ஜூலை 1 முதல். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 194ஆர் பிரிவு. நீங்களே செய்த பொருளுக்கு மதிப்பு உங்கள் அடக்க விலை இல்லை, வாடிக்கையாளருக்கு விற்கிற விலை. அதாவது 8,000 ரூபாய் பெடல் மூன்று கொடுத்தால் தாண்டிவிட்டீர்கள். தனிநபராகத் தொழில் செய்து முந்தின வருட விற்றுமுதல் ஒரு கோடிக்குள் இருந்தால் பிடிக்கும் கடமை இல்லை. பார்ட்னர்ஷிப்பாகவோ கம்பெனியாகவோ நடத்தினால் அந்தச் சலுகை கிடையாது. திருப்பி வாங்கிக்கொண்ட பொருள் இதில் வராது, விலைக் குறைப்பும் வராது. நான் இரவலையும் ஆர்ட்டிஸ்ட் விலையையும் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜிஎஸ்டியில், இலவசமாகக் கொடுத்த பொருளுக்கான உள்ளீட்டு வரியை (பாகம் வாங்கும்போது கட்டியது) கழித்துக்கொள்ள முடியாது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும்.

9. வீடியோவும் லேபிளும்

முதலில் லேபிள். காசு கொடுத்தாலும், இலவசமாகப் பொருள் கொடுத்தாலும், அதைப் பார்க்கிறவருக்குத் தெரியும்படி சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தரக் குழுவின் (ASCI) 2021 வழிமுறை சொல்கிறது. 15 நொடிக்குள் இருக்கிற வீடியோவில் குறைந்தது 3 நொடி, இரண்டு நிமிடம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம், அதற்கு மேல் என்றால் பொருளைப் பற்றிப் பேசுகிற பகுதி முழுவதும் லேபிள் தெரிய வேண்டும். தவறான விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் வரை அபராதம் போடலாம், அது விளம்பரத்தில் தோன்றியவருக்கும் சேர்த்துத்தான். இதை ஆர்ட்டிஸ்ட்டிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில பேர் "விளம்பரம் என்று போட்டால் மவுசு குறையும்" என்பார்கள். என் அனுபவத்தில் லேபிள் போட்ட வீடியோவுக்கும் ஆர்டர் வந்திருக்கிறது.

டெமோவில் சினிமாப் பாட்டு வாசிக்காதீர்கள். காப்பிரைட் கிளெய்ம் வந்து, வீடியோவைச் சில நாட்டில் முடக்கினால் எடுத்த வேலை வீண். அவருடைய சொந்த ரிஃப் (திரும்பத் திரும்ப வருகிற சின்ன மெட்டு) ஒன்றே போதும்.

ஆர்ட்டிஸ்ட்டை மலைக்கு வரவழைத்து எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு: நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், சீசனில் எண்ணிக்கைக் கட்டுப்பாடும் உண்டு, முன்கூட்டியே எடுக்கச் சொல்லுங்கள். தேயிலைத் தோட்டத்தில் எடுக்க எஸ்டேட்டில் கேட்க வேண்டும், காட்டுப் பகுதிக்கு வனத்துறையில் கேட்க வேண்டும். பட்டறையிலேயே எடுத்துவிடுங்கள். கீழேயிருந்து வந்த கிட்டாரைப் பெட்டியோடு ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் திறக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் டியூனிங் செய்தே பகல் போய்விடும்.

10. வருடம் முடியும்போது

முடிவதற்கு ஒரு மாதம் முன்னால் ரிஜிஸ்டரை எடுத்து, அவரால் எத்தனை ஆர்டர் வந்தது, எத்தனை முறை ரிப்பேர், அவர் சொன்ன குறையில் எதைத் திருத்தினோம் என்று பாருங்கள். பெடல் இன்னும் அவர் போர்டில் இருக்கிறதா என்று ஒரு கச்சேரிக்குப் போய்ப் பாருங்கள், கேட்க வேண்டாம். இல்லையென்றால் காகிதத்தில் புதுப்பித்துப் பயனில்லை.

பிரிவதென்றால் நேரில் அல்லது போனில் சொல்லுங்கள், மெசேஜில் வேண்டாம். இரவல் பெடலைத் திருப்பித் தரலாம் அல்லது ஆர்ட்டிஸ்ட் விலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வழியும் கொடுங்கள். அவர் பெயரையும் படத்தையும் அதே வாரத்தில் உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். பெட்டிக்குள் வைக்கிற அட்டையில் படம் அச்சாகியிருந்தால் எத்தனை மிச்சம் என்று எண்ணி, அவரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். எங்கள் முதல் ஆர்ட்டிஸ்ட் விலகியபோது நாற்பது அட்டை மிச்சம் இருந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருந்ததால் பயாஸ் வோல்டேஜ் குறிக்க இன்னமும் அதைத்தான் உபயோகிக்கிறோம். அவரும் போன தடவை வந்தபோது பார்த்துவிட்டுச் சிரித்தார்.